எம்பேருக்கு ஒரு கார்டு

ஏசி ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு இப்பிடி வேர்க்குதே, கெரகம், பாக்கறவங்க என்ன நெனப்பாங்க, திருட வந்தவளாட்ட இருக்குது எம்மூஞ்சி. டோக்கன் சீட்டு கையில நனைஞ்சு சுருண்டு போச்சு. பர்சுக்குள்ள வெச்சா கூப்படறப்ப எடுக்கத் தெரியாம முழிப்பேன், கையிலயே வெச்சிருந்தா நம்பர் அழிஞ்சிரும். அழிஞ்சா அழியட்டும், நம்பர்தான் மனசுக்குள்ள பதிஞ்சு கெடக்குதே. ஒரு வாரமா எம்மனசுல நம்பரத் தவிர வேற ஒண்ணுமே ஓடல. போன வாரம் இதே பேங்குலதான், அதோ அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால உக்காந்திருக்கற புள்ள, அபிநயான்னு பேரு குத்தியிருக்குது, எம்பொண்ணவிட அஞ்சாறு வயசு மூத்தவளா இருப்பா, அவதான் கம்ப்யூட்டரப் பாத்துட்டு மொகத்த ஒரு மாதிரி வெச்சுக்கிட்டுச் சொன்னா. "அம்மா, பாப்பாவுக்குப் படிப்புக் கடன் குடுக்கணும்னா கூடக் கையெழுத்துப் போடறவங்களோட சிபில் ஸ்கோர் நல்லா இருக்கணுங்கம்மா. உங்களுது ரொம்பக் கீழ இருக்குதுங்க." வாங்குன கடன ஒழுங்காக் கட்டுனமான்னு பாத்துப் போடற மார்க்காம் அது. கோபிகா பக்கத்துலயே உக்காந்திருந்தா. கோயமுத்தூர்ல பிசியோதெரபிக்கு சீட்டு கெடச்சிருக்குது மேடம்னு அத்தன சந்தோசமாச் சொல்லிட்டு, அந்தச் சிரிப்ப எங்க வெக்கறதுன்னு தெரியாம என்னையத் திரும்பிப் பாத்தா. வெளிய வந்து வண்டிய எடுக்கறப்ப, "பரவால்லம்மா" அப்பிடின்னா. அவ்வளவுதான். அந்தப் பரவால்லதான் என்னையக் கொல்லுது. ஒரு தடவ கத்தியிருக்கலாம், உன்னால என்னதான்மா ஆகும்னு கேட்டிருக்கலாம். அவங்கப்பா போனதுக்கப்புறம் இந்தப் புள்ள கத்தறதையே உட்டுருச்சு.

அதுக்குத்தான் இன்னிக்குத் தனியா வந்திருக்கேன். கார்டு வாங்க. கிரெடிட் கார்டு. சொன்னா சிரிப்பாங்க, பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறவளுக்கு எதுக்குடி கார்டுன்னு. எங்கம்பெனி ஆபீஸ்ல சம்பளம் போடற தேவகிதான் வழி சொன்னா. "ஏனுங்கக்கா, ஏலச்சீட்டு எடுத்த கொஞ்சப் பணத்த பேங்குல டெபாசிட்டாப் போட்டு அதுமேல ஒரு கார்டு வாங்கிக்குங்க. மளிகை, பெட்ரோலுன்னு கொஞ்சங் கொஞ்சமாத் தேச்சு, தேதி தவறாமக் கட்டுங்க. ஸ்கோர் தானா ஏறிரும்." கடன் வாங்கிக் கெட்ட பேரு மறுபடி கடன் வாங்குனாத்தான் தேறுமாம். முள்ள முள்ளாலதான எடுக்கணும்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா தேவகி சொல்றதுக்கு முன்னாலயே நான் அவசரக் குடுக்கையாட்ட ஒரு வேல பண்ணிப் போட்டேனே. சூப்பர் மார்க்கெட் வாசல்ல டேபிள் போட்டுக்கிட்டு நிப்பானுங்களே டை கட்டுன பசங்க, மேடம் மேடம் கார்டு மேடம், ஃப்ரீ மேடம்னு, கார்டு கெடச்சா காலேஜ் பீஸக் கட்டிரலாம்னு அவங்ககிட்டப் போயி ஆதார் எல்லாங் குடுத்தேன். இல்லைன்னு மெசேஜ் வந்துச்சு. சரி போன்லயே குடுக்கறாங்களாமேன்னு அதுல ஒண்ணு அமுக்குனேன். அதுவும் இல்ல. இன்னொண்ணு. அபிநயா அன்னிக்கே சொன்னா, இப்பிடி கேக்கக் கேக்க ஸ்கோர் கொறையுமுங்கம்மான்னு, எங்காதுல ஏறல. கேட்டதுக்கே கொறையுமாம்! கடையில வெல கேட்டதுக்கே கன்னத்துல அறைஞ்சு அனுப்பறாப்பல. இது என்ன நியாயம், யாரு இத உக்காந்து எழுதுனது, அவனுக்கு அக்கா தங்கச்சி இல்லையா. நான் வெச்சிருக்கற செக்கிங் டேபிள்ல ஒரு பீஸுல பிசிறு இருந்தா ரிஜெக்ட் பெட்டியில தூக்கிப் போடுவேன். ஆனா அதக்கூடப் பிரிச்சுத் தெச்சு மறுக்கா அனுப்பறோமே. பிசிறு இருக்குதான்னு கேட்டதுக்காக ஒரு துணியக் கிழிச்செறிஞ்சதில்ல நான்.

யாரோ இருமறாங்க. பக்கத்துச் சேர்ல ஒரு பெரியவரு, பாஸ்புக்க உருட்டி உருட்டி காதுகொடையறாப்பல வெச்சிருக்காரு. அவருக்கென்ன, பென்சன். மாசமானா விழுகும். எதிர்ல ஒரு மெசின் முக்கி முக்கி டோக்கன் துப்புது. கவுண்டருல பேனாவ நூல் போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க. ஒரு பேனாவுக்கே நம்மள நம்பல, இவங்க எனக்குக் கார்டு குடுப்பாங்களாக்கும். இந்நேரம் கம்பெனியில லைன் மாஸ்டர், வசந்தாமணி எங்க போனான்னு கத்திக்கிட்டிருப்பான். அரை நாள் பர்மிசன் கேட்டதுக்கே, என்னக்கா அடிக்கடி பேங்கு பேங்குங்கறீங்க, ஊடு கட்டறீங்களான்னு நக்கல். ஆமான்டா, பங்களா.

ஊடு கட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஊட்டுக்கு வாங்குன கடன்ல பேரு போச்சுன்னா ஊடாவது கண்ணு முன்னால நிக்குமே. நான் எதுக்கு வாங்குனேன்? எங்கொழந்தைக்கு நானே சீர் செய்யறதுக்கு. இதச் சொல்லி எங்க போயி அழுவறது. கோபிகா வயசுக்கு வந்து தெரட்டி வெச்சப்ப, தாய் மாமன் சீருதான எங்க பக்கத்துல மொத மரியாதை. மாமன் மேளத்தோட வரணும், தட்டு வரிசையா வரணும். எங்க நாத்தனார் ஒரு மாசமா அதையேதான் பேசிக்கிட்டிருந்தா, "வசந்தா பொறந்தவன் எத்தன தட்டு கொண்டாரான்னு பாக்கத்தான போறோம்" அப்பிடின்னு, பல்லுல நாக்கத் தேச்சுக்கிட்டு. எம்பொறந்தவன் மயில்சாமி, எனக்கு இளையவன், ஆட்டோ ஓட்டறான், ஒரு நாள் மத்தியானம் கம்பெனி கேட்டுக்கிட்ட வந்து நின்னான். சாப்பாட்டு நேரம். தலையச் சொறிஞ்சுக்கிட்டே நின்னான். "அக்கா, கையில ஒண்ணுமே இல்லக்கா. வெத்தல பாக்குத் தட்டு மட்டும் எடுத்துக்கிட்டு வந்தா அசிங்கமாப் போயிருமாக்கா?" கண்ணுல தண்ணி வந்திருச்சு அவனுக்கு. அம்மா போனப்புறம் நான் தூக்கி வளத்த பையன், சபையில எங்க நாத்தனார் முன்னால தல குனிஞ்சு நிக்கறதா? எம்புள்ள தெரட்டியிலயா? நான்தான் சொன்னேன். அவன் கேக்கல. அத மட்டும் ஒத்துக்கணும், அவன் வாயத் தொறந்து கேக்கவே இல்ல. நாந்தான், "நீ பேசாம இருடா, அக்கா பாத்துக்கறேன்"னு, எம்பேர்ல ஒரு பைனான்ஸ்ல கடன் எடுத்து, செயினும் பட்டும் வெள்ளித் தட்டும் நானே கடை கடையா ஏறி எறங்கி வாங்கி, அவங்கூட்டுல கொண்டு போயி வெச்சேன். அவன் அத மேளத்தோட எங்கூட்டுக்கே கொண்டாந்தான். வாசப்படியில நின்னு நான் என்ன சொன்னேன் தெரியுமா. "எதுக்குடா மயிலு இத்தன?" அப்பிடின்னேன். எல்லாருங் கேக்கற மாதிரி. எனக்கே அந்த நிமிசம் அவன்தான் வாங்கியாந்தாப்பல இருந்துச்சு. அவரு, கோபிகா அப்பா, ராத்திரி செயினத் தூக்கிப் பாத்துட்டு, "உன்ற தம்பி பரவால்ல போ"ன்னாரு. அந்த வார்த்தைக்காகத்தான் நான் எல்லாம் பண்ணுனேன்னு இப்பத் தோணுது. அவரு அதையே நம்பிக்கிட்டுத்தான் போய்ச் சேந்தாரு.

"மாசாமாசம் நாங் கட்டிர்றேன்க்கா, சத்தியமா." மயிலுதான் சொன்னான், கொஞ்ச நாளு கட்டுனான். இல்லைன்னு சொல்ல முடியாது, கட்டுனான். அப்புறம் ஆட்டோ ரிப்பேரு, அப்புறம் கொழந்தைக்குக் காய்ச்சலு, அப்புறம் போனு எடுக்கறதில்ல. நானே இழுத்துப் புடிச்சுக் கட்டுனேன். திடீருன்னு ஒரு காலையில அவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு, அதோட எல்லாம் நின்னு போச்சு. ஆஸ்பத்திரி, காரியம், வாடகை. கடன் எங்க போயிக் கட்டறது. ஆனா இந்த மயிலு அதே நேரத்துல தனக்கொரு பைக்கு எடுத்து அந்தக் கடன ஒரு மாசந் தவறாமக் கட்டியிருக்கான். தெரிஞ்சப்ப எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, ஏன்டா இத மட்டும் கட்டத் தெரியுதான்னு கேட்டுட்டேன். அவன் கொஞ்சங்கூட யோசிக்காமச் சொன்னான், "அது எம்பேர்ல இருக்குதுக்கா. கட்டலீன்னா எம்பேரு கெட்டுப் போயிருமல்லோ?" வெகுளியாத்தான் சொன்னான். சூதுவாதெல்லாம் இல்ல அவனுக்கு. அதுதான் வயித்தெரிச்சலே, சூது பண்ணியிருந்தா நாலு வார்த்த திட்டிட்டு மறந்திருப்பேன்.

கடன் வசூலுக்கு ஒருத்தன் போன் பண்ணுவான், வசந்தாமணிம்மா, வசந்தாமணிம்மான்னு தேனொழுகக் கூப்புடுவான், மூணாவது வார்த்தையில வெசம். கம்பெனிக்கு வந்துருவேன்னான். நானும் எத்தன நாளைக்குத்தான் பயப்படறது, ஒரு நாளு புடிச்சுக்கிட்டேன். முழுசாக் கட்ட முடியாது, ஒரு தொகை சொல்லு, ஒரே தடவையில முடிச்சுக்கலாம்னு. சந்தையில கத்திரிக்காயப் பேரம் பேசாம வாங்குனா தூக்கம் வராத ஆளு நான், உடுவனா? அவன் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, போன வெச்சுட்டுப் போற மாதிரி போயி மறுபடி அவனே கூப்படற வரைக்கும் காத்திருந்து, பாதிக்குங் கீழ எறக்கிப் போட்டேன். "உங்களுக்குத்தாம்மா இந்த வேல குடுத்திருக்கணும்"னு அவனே சொன்னான். காதுத் தோட்டக் கழட்டி வித்துக் கட்டுனேன். கணக்கு செட்டில் ஆயிருச்சுன்னு ஒரு கடுதாசி வந்துச்சு. அதுக்கு நாலு மூலையிலயும் மஞ்ச குங்குமம் வெச்சு சாமி படத்துக்குக் கீழ வெச்சுக் கும்புட்டேனே, முட்டாள் முண்டம். கம்பெனியில டீ குடிக்கறப்ப எல்லாருகிட்டயும் பீத்திக்கிட்டேன். செக்கிங்குல ரெண்டு பொம்பளைகளுக்கு நானே யோசனையுஞ் சொன்னேன், கேட்ட பணத்தக் குடுத்தராதீங்கடி, பேரம் பேசுங்கன்னு. அதுகளும் எறக்கிக் கட்டிட்டு எனக்கு மைசூர்பாகு வாங்கியாந்து குடுத்துச்சுக. அதுகளுக்கும் புள்ளைங்க இருக்குது. என்னிக்காச்சும் இந்தச் சேர்ல வந்து உக்காருங்கல்லோ, அன்னிக்கு என்னைய என்ன சாபம் உடுங்களோ. செட்டில்னா முடிஞ்சு போச்சுன்னுதான நெனச்சேன். போன வாரம் அபிநயா கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டிச் சொன்னா, "செட்டில்னு இருந்தா முழுசாக் கட்டாம உட்டுட்டாங்கன்னு அர்த்தமுங்கம்மா. பல வருசம் அப்பிடியே நிக்கும்." நாஞ் சாமிக்கிட்ட வெச்சுக் கும்புட்டது அத. எம்பொண்ணு சீட்டத் தின்னப் போறத, நானே பொட்டு வெச்சு ஊட்டுக்குள்ள உக்கார வெச்சிருக்கேன்.

போன் நடுங்குது. கோபிகாதான். மா சாப்டியா. அவ்வளவுதான் போட்டிருக்கா. கார்டப் பத்திக் கேக்கல. கேக்கவே மாட்டா. இந்த மாசக் கடைசிக்குள்ள பணங் கட்டலைன்னா சீட்டு அடுத்தவங்களுக்குப் போயிரும். அதையும் அவ சொல்லல, அவ போன எடுத்துப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். போன வாரத்துலயிருந்து இன்னொண்ணும் கவனிக்கறேன், தெருமுனையில ஒட்டியிருக்கற 'டெய்லர், ஹெல்பர் தேவை' நோட்டீஸ நின்னு படிக்கறா. என்னைய மாதிரியே தோளச் சாச்சுக்கிட்டு. ஐயோ, வேண்டாஞ் சாமி. இவளவிடச் சின்ன வயசுல நானும் பத்தாவது முடிச்சுட்டு ஒரு நோட்டீஸப் பாத்துத்தான் உள்ள போனேன், ஒரு வருசத்துக்குன்னு. எனக்கு பயமா இருக்குது. நெஞ்சு அடிக்கறது காதுல கேக்குது, பெரியவருக்குக் கேட்டிருமோன்னு கூச்சமா இருக்குது. சத்தமாச் சொல்லிருவாளோ இந்தப் புள்ள, உங்க ஸ்கோருக்குக் கார்டெல்லாம் ஆகாதுன்னு, இத்தன பேரு முன்னால? எந்திரிச்சுப் போயிரலாமா? போனா இன்னும் இல்லைன்னு ஆகல, கேட்டாத்தான இல்லைன்னு ஆகும். கேக்காம இருக்கற வரைக்கும் எம்பொண்ணு பிசியோதெரபிதான் படிக்கப் போறா. இன்னுஞ் சித்த நேரம் இப்பிடியே உக்காந்திருக்கலாம். மெசினு கெட்டுப் போயி எந்த நம்பரும் வராம இருந்தாத் தேவல. வந்திருச்சு. எந்நம்பருதான். செகப்பு லைட்டுல.

"சொல்லுங்கம்மா, டெபாசிட்டு மேல கார்டுங்களா? குடுக்கலாங்கம்மா," அப்பிடின்னா அபிநயா. அவ்வளவு லேசாச் சொல்லிட்டா. "உங்க பணம் எங்ககிட்ட இருக்கறதால ஸ்கோர் தடையில்லீங்க." எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியல, அப்புறம் சிரிப்பு வந்திருச்சு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுப் போட்டேன். இத்தன நாளுக்கப்புறம் ஒருத்தரு எனக்கு ஆகும்னு சொல்றாங்க. அந்தச் சிரிப்போடவே கேட்டேன், "எப்பங்க மேடம் ஸ்கோர் ஏறும்?" அவ கீழ குனிஞ்சுக்கிட்டா. "ஒழுங்காக் கட்டி வந்தீங்கன்னா ஆறு மாசமோ ஒரு வருசமோ ஆகுங்கம்மா. அப்பவும் கொஞ்சந்தான் ஏறும். பழசு நிக்குதுல்லீங்க." மாசக் கடைசிக்குள்ள காலேஜுக்குக் கட்டணுமுங்கன்னு சொன்னேன். சொன்னேனா நெனச்சேனான்னு தெரியல. அந்தப் புள்ளைக்கும் சங்கடமாப் போச்சு, பேனாவ மூடி மூடித் தொறந்தா. அப்புறம் மெதுவாக் கேட்டா.

"பாப்பாவுக்கு வேற ஆளு யாராச்சும் இருக்காங்களாம்மா? தாய் மாமன், அப்பிடி யாராச்சும்? அவங்க ஸ்கோர் நல்லா இருந்து கூடக் கையெழுத்துப் போட்டா, மேனேஜருகிட்ட நாம் பேசிப் பாக்கறேன்."

மயிலு. பைக்குக் கடன ஒரு மாசந் தவறாமக் கட்டுன மயிலு. அவன் பேரு சுத்தமா இருக்குது. இத்தன நாளு அதுக்காக அவன்மேல கருவிக்கிட்டுத் திரிஞ்சேனே, ஏஞ்சாமி, இதுக்குத்தான் அவனச் சுத்தமா வெச்சிருந்தியா! அங்கயே நின்னு போன் போட்டேன். மொத ரிங்குலயே எடுத்தான். "சொல்லுக்கா." மூச்சு விடாமச் சொன்னேன். பேங்கு, சீட்டு, மாசக் கடைசி. "வெறுங் கையெழுத்துத்தான்டா மயிலு. நீ ஒரு ரூவா கட்ட வேண்டாம். கோபி படிச்சு முடிச்சு அவளே கட்டிக்குவா."

அந்தப் பக்கம் ஹாரன் கேட்டுச்சு. அப்புறம் பேசுனான். கோவமில்ல, வருத்தமாத்தான் பேசுனான்.

"அக்கா, தெரட்டிக்கு அத்தன செஞ்சனேக்கா. செயினு, பட்டு, வெள்ளின்னு ஊரே பேசுச்சே. இன்னும் எத்தனைக்குக்கா என்னையவே கேப்ப? எனக்கும் கொழந்தை இருக்குதுக்கா. நாளைக்கு எம்பேரு கெட்டுப் போச்சுன்னா நான் என்ன பண்றது?"

பொண்டாட்டி பக்கத்துல இருக்கறா, அதுதான் இப்பிடிப் பேசறான். அந்தச் சீரு எங்காசுன்னு அவளுக்குத் தெரியாதுல்ல. நான் வாயப் பொத்திக்கிட்டு மெதுவாக் கேட்டேன், "சுகுணா பக்கத்துல இருக்காளாடா?"

"இல்லக்கா. ஸ்டாண்டுல தனியாத்தான் இருக்கேன். ஏங்கா?"

ஒண்ணுமில்லடான்னேன். சாப்டியாடான்னு கேட்டேன். போன வெச்சுட்டேன். போச்சு. எம்பொண்ணு சீட்டு போச்சு. அவன் பொய் சொல்லல, நெஜமாவே அப்பிடித்தான் நம்பிக்கிட்டிருக்கான். அத்தன பேரு முன்னால வாசப்படியில நின்னு அவன்தான் கொண்டாந்தான்னு நாந்தான சொன்னேன், அவனும் அன்னிக்கு அங்கதான நின்னு கேட்டுக்கிட்டிருந்தான்.

"என்னங்கம்மா சொல்றாரு மாமா?" அபிநயா நிமுந்து பாத்தா.

இந்தப் புள்ள யாரோ ஒருத்தி, மயிலத் தெரியாது, அவன் மூஞ்சியப் பாத்ததில்ல, இனிமேப் பாக்கப் போறதுமில்ல. அவகிட்டச் சொன்னா என்ன? நடந்தத நடந்தபடி சொன்னா எனக்கென்ன கொறைஞ்சு போகுது? வாயத் தொறந்தேன்.

"இப்பக் கொஞ்சம் கஷ்டத்துல இருக்கறானுங்க மேடம். இல்லீன்னா ஓடி வந்திருவான். தங்கமானவனுங்க. இவ தெரட்டிக்கு அத்தனையும் அவந்தானுங்க செஞ்சான். ஊரே பேசுச்சுங்க."

"குடுத்து வெச்சவங்கம்மா நீங்க," அப்பிடின்னா அந்தப் புள்ள, நெஜமாவே சிரிச்ச மொகத்தோட. கார்டுக்கான பேப்பரத் திருப்பி எம்பக்கம் தள்ளுனா.

ஆமாங்கன்னேன். அவ வெரலு வெச்ச எடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.